ஸ்பீக்கர்ல போடு!

2020 நவம்பர் 14. தீபாவளி. பேராக் உட்பட தீபகற்ப மலேசியாவின் பெரும்பாலான மாநிலங்களில் பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு. அனுமதி இல்லாமல் மாவட்டம் தாண்ட முடியாது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சுங்கை சிப்புட்டுக்கும் தாப்பாவுக்கும் பாகான் செராய்க்கும் வர வழியில்லை. சிங்கப்பூரில் இருப்பவர்கள் பாடு அதைவிடக் கடினம். மார்ச் 18 முதல் எல்லை அடைபட்டுக் கிடந்தது. வந்தால் தனிமைப்படுத்தல், திரும்பினால் மறுபடியும் தனிமைப்படுத்தல் என்றிருந்ததால் பலர் புறப்படவே இல்லை. அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமிக்குப் படைத்து முடித்த கையோடு வீட்டுக்கு வீடு ஒரே காரியம் நடந்தது. பலகாரத் தட்டுகளுக்கு நடுவே கைப்பேசியைப் படுக்க வைத்து, பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்: "ஸ்பீக்கர்ல போடு."

அதன் பிறகு அந்தப் பேச்சு ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. பாட்டி "பசியாறியாச்சா?" என்பார். பதில் வருமுன் பேரப்பிள்ளை புதுச்சட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடும். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டு அத்தை வந்தால் அவரும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உட்காருவார்.

மறு ஆண்டு தீபாவளி 2021 நவம்பர் 4. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அப்போதும் இதே நிலைதான். தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயண ஏற்பாடு நவம்பர் 29இல்தான் தொடங்கியது. எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. சிங்கப்பூரில் உழைக்கும் பேராக் பிள்ளைகள் பலருக்கு இரண்டு தீபாவளிகள் ஒரு சின்ன ஒலிபெருக்கி வழியாகவே கழிந்தன.

பெருந்தொற்றுக்கு முன்பே இந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது. ஈப்போவின் புந்தோங் கச்சாங் பூத்தே என்ற கொறிப்புப் பலகாரத்துக்குப் பேர்போனது. முறுக்கு பிழிகிற, கடலை வறுக்கிற கையில் மாவும் எண்ணெயும் ஒட்டியிருக்கும்போது கைப்பேசியைக் காதில் அணைத்துப் பிடிக்க முடியுமா? கார் பட்டறையில் முழங்கை வரை கிரீஸ் பூசியவருக்கும், குழந்தையை மடியில் போட்டுச் சோறூட்டும் தாய்க்கும் இதே கதைதான். கை வேறு வேலையில் இருக்கிறது. வாயும் காதும் சும்மா இருக்கின்றன.

வயதும் ஒரு காரணம். முதுமையில் முதலில் மங்குவது மேல் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். பேசுவது கேட்கும்; 'ச', 'ஸ', 'ஷ' போன்ற ஓசைகள் கலங்கிப்போவதால் என்ன சொல் என்பது பிடிபடாது. பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தியது. இந்த ஓசைகளைத் தெளிவாக்கும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. இன்றைய இணைய அழைப்புகள் அந்த எல்லையைத் தாண்டி ஒலியைக் கொண்டுவருகின்றன. ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு காதாலும் கேட்கலாம், சத்தத்தையும் கூட்டிக்கொள்ளலாம். வெறும் டம்ளருக்குள் கைப்பேசியைச் செருகி வைத்துக் கேட்கும் தாத்தாக்களும் உண்டு. பாத்திரத்தின் சுவர் ஒலியைச் சிதறவிடாமல் மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. உண்மையிலேயே பலன் தரும் வித்தை அது.

ஆனால் வசதியை மட்டும் சொல்லி இதை விளக்கிவிட முடியாது. ரப்பர்த் தோட்டத்து மக்களுக்குத் தொலைபேசி எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்தால்தான், பேராக்கின் தமிழ் வீடுகளில் ஒரு அழைப்பு ஏன் வீட்டுக்கே பொதுவாகிறது என்பது புரியும்.

மலாய் மாநிலங்களின் முதல் தந்திக் கம்பி 1876இல் கோலகங்சாரிலிருந்து தைப்பிங் பக்கமாக இழுக்கப்பட்டது. மறு ஆண்டே, 1877இல், அதே கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் தோட்டத்தில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. நாட்டின் தலையெழுத்தை மாற்றிய கம்பியும் மரமும் ஒரே ஊரில், ஓராண்டு இடைவெளியில் வந்து இறங்கின. மரம் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. கம்பியோ அவர்கள் வீட்டு வாசலுக்கு வர நூறு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

தோட்டத்தில் போன் இருந்த இடங்கள் இரண்டு: துரை பங்களா, ஆபீஸ். ஆபீஸ் போன் எழுத்தரான கிராணியின் மேசையில் இருக்கும். அவசரச் செய்தி என்றால் ஓர் ஆள் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஓடுவார். பால்மரக் காட்டுக்குள் நிரையில் நிற்பவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வரும்வரை மறுமுனை காத்திருக்காது. அதனால் செய்தியை வாங்கிக்கொள்வது கிராணி, சுமந்து வருவது ஓடிய ஆள், கேட்பது லயம் முழுவதும். ஒரு குடும்பத்துக்கு வந்த சாவுச் செய்தி அந்த வீட்டை எட்டுமுன் நாலு வாசலைத் தாண்டி வந்திருக்கும். ஒரே கூரையின் கீழ், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்று வாழ்ந்தவர்களுக்கு அது குறையாகவும் படவில்லை. துக்கத்துக்கு ஆள் சேர்வதற்கு யாரும் போய் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

சுங்கை சிப்புட்டைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். அந்த ஊரில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1959 முதல் 1970களின் தொடக்கம் வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்புத் துறைகளின் அமைச்சராக இருந்தார். ஆபரேட்டர் உதவியின்றிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேரடியாக எண் சுழற்றிப் பேசும் வசதி 1962இல், அவர் காலத்தில்தான் வந்தது. அவருக்குப் பின் 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் ச. சாமிவேலு, 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சர். டெலிகோம் மலேசியா பங்குச் சந்தைக்கு வந்த 1990ஆம் ஆண்டும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் அடங்கும். ஒரு தோட்டப்புறத் தொகுதி நாட்டின் தொலைபேசித் துறைக்கு இரண்டு அமைச்சர்களைத் தந்திருக்கிறது.

ஆனாலும் லயத்து வீட்டில் தனி இணைப்பு என்பது அரிதாகவே இருந்தது. லயம் நிர்வாகத்தின் சொத்து. வேலை இருக்கும்வரைதான் வீடு. தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்ச வசதி என்னென்ன வேண்டும் என்று சொல்லும் இன்றைய சட்டம் 1990இல்தான் வந்தது. குழாய்த் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் போராடிக்கொண்டிருந்தவர்கள் போன் எங்கே என்று கேட்கும் நிலையில் இல்லை.

பிறகு தோட்டமே கலைந்தது. 1950களின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, அதைத் தடுக்க வேண்டும் என்றுதான் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. ஆனால் எல்லாத் தோட்டங்களையும் எந்தச் சங்கமும் வாங்கிவிட முடியாது. பால்மரம் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. மக்கள் ஊரோரத் தாமான் எனும் குடியிருப்புகளில் மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள். பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்தார்கள். பல குடும்பங்களுக்கு முதல் சொந்த வீடும் முதல் சொந்தப் போனும் ஒன்றாகவே வந்தன. எதிர்வாசலில் நின்று பேசிய அண்ணன் தம்பிகள் வேறு வேறு மாநிலத்தில் இருக்கும் காலத்தில்தான் போன் வந்து சேர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கு அது ஒருவர் இன்னொருவரோடு பேசும் கருவியாக இருந்தால் போதவில்லை. கலைந்த லயத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையிலாவது ஒன்று கூட்டியாக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு 2013இலும் குரல் அழைப்பு 2015இலும் காணொளி அழைப்பு 2016 நவம்பரிலும் வந்தன. தமிழில் தட்டத் தெரியாத, மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத வராத ஒரு தலைமுறைக்கு அது பெரிய திறப்பு. முன்கட்டண அட்டையைச் சுரண்டி எண் போட்டுப் பேசிய காலத்தில் நிமிடத்துக்கு நிமிடம் காசு கரைந்தது; எல்லாரையும் பேசவிட முடியாது. இணைய அழைப்பில் அந்தக் கணக்கு இல்லை. ஆகவே நேரம் தாராளமானது, ஸ்பீக்கரும் நிரந்தரமானது.

இத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து பேசுவதை அந்தச் சின்னக் கருவி எப்படித் தாங்குகிறது? வானொலியில் பாட்டு விரும்பிக் கேட்டு அழைப்பவரிடம் அறிவிப்பாளர் சொல்லும் முதல் வார்த்தை மலேசியத் தமிழர் எல்லாருக்கும் பழக்கம்: ரேடியோ சத்தத்தைக் குறைங்க. குறைக்காவிட்டால் வானொலியில் வரும் அழைத்தவர் குரல் மறுபடி போனுக்குள் புகுந்து, மறுபடி வானொலிக்குப் போய், சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையிடும். ஸ்பீக்கர் போனுக்குள் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் ஒரே பெட்டிக்குள், விரற்கடைத் தூரத்தில் அல்லவா இருக்கின்றன?

1950களில் அமெரிக்காவின் பெல் நிறுவனம் மேசை ஸ்பீக்கர் போனைக் கொண்டுவந்தபோது கிடைத்த தீர்வு முரட்டுத்தனமானது. ஒருவர் பேசும்போது மற்றவர் பக்கத்து ஒலிவாங்கியை அடக்கிவிடுவது. ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். இருவர் சேர்ந்து பேசினால் ஒருவர் சொல் பாதியில் அறுபடும். இன்றும் மலிவான கருவிகளிலும் மோசமான இணைப்பிலும் "நீ சொல்லு", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று இருபுறமும் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மன் மோகன் சோந்தி, 1967இல் தகவமைத்துக்கொள்ளும் எதிரொலி நீக்கியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அன்று தலைவலியாக இருந்தது செயற்கைக்கோள் அழைப்பு. பூமிக்கு 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்குப் போய்த் திரும்பும் குரல், அரை விநாடி கழித்து எதிரொலியாகப் பேசியவர் காதிலேயே விழும். மலேசியாவும் 1970இல் குவாந்தானில் தரை நிலையம் அமைத்து அந்த உலகுக்குள் நுழைந்தது. சோந்தியும் அவருடைய சகாக்களும் கண்ட வழி இதுதான்: வெளியே போகும் ஒலி எப்படித் திரும்பி வரும் என்பதைக் கருவி தானே கணித்து, அந்தக் கணிப்பை வரும் ஒலியிலிருந்து கழித்துவிட வேண்டும். அறை மாறினால், ஆள் நகர்ந்தால், கணிப்பையும் நொடிக்கு நொடி திருத்திக்கொள்ள வேண்டும். தாமான் வீட்டின் சிமெண்டுத் தரையும் மேலே தகரக் கூரையும் எழுப்பும் எதிரொலியை இன்று சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி சலிக்காமல் கழிப்பது அந்தக் கணக்கின் வழிவந்த முறைகளால்தான்.

கருவி அறியாத ஒன்று இருக்கிறது. யார் காதில் எது விழலாம் என்பது.

ஒரு மகள் தாயை அழைக்கிறாள். புகுந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும், அல்லது வேலை போய்விட்டதைச் சொல்ல வேண்டும், அல்லது மருத்துவர் சொன்னதை. அம்மா பழக்கப்படி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைக்கிறார். கூடத்தில் மாமா இருக்கிறார், பெரியம்மா இருக்கிறார், வாசலில் பக்கத்து வீட்டார் இருக்கிறார். மகள் எதையோ சொல்லத் தொடங்கி, பின்னணியில் ஓர் இருமலைக் கேட்டு, "நல்லாத்தான் இருக்கேன்மா, சும்மா கூப்பிட்டேன்" என்று முடித்துக்கொள்கிறாள். இதைவிட மோசம், இருமல் கேட்காமல் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. லயத்தில் வளர்ந்த தாய்க்கு ஒளிவுமறைவில்லாத வாழ்க்கை பாதுகாப்பாக இருந்தது. ஜொகூரில் ஒரு வாடகை அறையில் தனியாக வாழும் மகளுக்கு அந்தப் பாதுகாப்பில் பங்கு இல்லை. பேச்சு ஊராகும்போது வரும் சங்கடம் மட்டுமே அவள் பங்கு.

இந்த இடத்தில் வயதையும் வழக்கத்தையும் காட்டி வீட்டார் நழுவக் கூடாது. லயத்தில் யார் நிற்கிறார், யார் கேட்கிறார் என்பது பேசுகிறவர் கண்ணுக்குத் தெரிந்தது. போனில் தெரியாது. ஆகவே அழைப்பை எடுத்தவுடன் "ஸ்பீக்கர்ல இருக்கு, மாமாவும் இருக்காரு" என்று சொல்வது வீட்டாரின் கடமை. பல வீடுகளில் இளையவர்கள் இதைப் பெற்றோருக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். இன்னும் சிலர் அழைத்ததும் தாங்களே முதலில் கேட்டுவிடுகிறார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று. காது மந்தமான அம்மாவுக்கு ஓர் இயர்போன் வாங்கித் தந்து, அதை மாட்டப் பழக்கிவிட்டால் அவரும் மகளும் தனியாகப் பேசலாம். செலவு சில வெள்ளிதான். பழக்குவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

பொது இடத்தில் ஸ்பீக்கரில் பேசுவது வேறு விவகாரம். 2025 பிப்ரவரியில் பிரான்சின் நாந்த் ரயில் நிலையத்தில் தன் சகோதரியோடு ஸ்பீக்கரில் பேசிய ஒருவருக்கு 150 யூரோ அபராதம் விதித்தார்கள். அந்தச் செய்தி உலகம் சுற்றியது. ஈப்போ பேருந்து நிலையத்தில் அப்படி யாரும் அபராதம் கேட்பதில்லை. என்றாலும் முன்பின் தெரியாதவர்கள் காதில் தன் வீட்டுக் கதையைக் கொட்டுவதற்கும் கூடத்தில் உறவுகள் நடுவே பேசுவதற்கும் வேறுபாடு உண்டு.

உயிர் சம்பந்தப்பட்டது வண்டி ஓட்டும்போது பேசுவது. ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். லாரி ஓட்டுநர்களுக்கும் வார இறுதியில் வீடு வந்து திரும்பும் பிள்ளைகளுக்கும் அந்த நெடுஞ்சாலையில் துணை போன்தான். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது மலேசியாவில் குற்றம். பிடிபட்டால் 300 வெள்ளி அபராதம். ஸ்பீக்கரில் போட்டால் சட்டம் விட்டுவிடுகிறது. மூளை விடுவதில்லை. 2001இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் செய்த பரிசோதனையில், போனில் பேசியவர்கள் சிக்னலைத் தவறவிட்டது இரு மடங்காகக் கூடியது. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் முன்னால் லாரி பிரேக் போட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். சுங்கை சிப்புட்டில் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஏழெட்டுப் பேருக்கு அந்த லாரி தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பார்கள். பிள்ளை சாலையில் இருப்பது தெரிந்தால் "தாப்பா ஆர் அண்ட் ஆர்ல நிறுத்திட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிடுவதுதான் அன்பு.

ஸ்பீக்கர் காப்பாற்றும் சந்தர்ப்பமும் உண்டு. போலீஸ் என்றும் வங்கி அதிகாரி என்றும் சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் முதியவர்களையும் குறிவைக்கின்றன. யாரிடமும் சொல்லாதே, தனியாகப் பேசு என்பதே அவர்களின் முதல் கட்டளை. எல்லா அழைப்பையும் ஸ்பீக்கரில் போடும் பாட்டியிடம் அந்த வித்தை எடுபடுவது கடினம். இரண்டாவது வாக்கியத்திலேயே பேரன் எழுந்து வந்துவிடுவான். பணம் போய்விட்டால் உடனே அழைக்க 997 என்ற எண்ணில் தேசிய மோசடி உதவி மையம் 2022 முதல் இயங்குகிறது. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது.

தோட்டம் போனாலும் பல இடங்களில் தோட்டத்துக் கோயில் நிற்கிறது. செம்பனைக்கு நடுவே, வண்டி போகச் செம்மண் பாதை மட்டும் இருக்கும் இடங்களில், ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்தார் திரள்கிறார்கள். வர முடியாதவர்களுக்காக யாராவது ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பார். அங்கே கருவி தோற்றுப்போகிறது. மனிதக் குரலைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று கருதி அடக்கும்படி அழைப்புகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. உறுமி மேளத்தின் இழுப்பையும் கோயில் மணியையும் கருவி வெட்டி எறிந்துவிடும். மறுமுனையில் கேட்பது துண்டு துண்டான ஓசை. இளையவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். மேளம் தொடங்கியதும் அழைப்பைத் துண்டித்து நேரலைக்கு மாறிவிடுவார்கள். சிக்னல் ஒத்துழைக்காத தோட்டமென்றால் பதிவு செய்து பிறகு அனுப்புவார்கள்.

மேளம் ஓய்ந்து, அன்னதானப் பந்தி நடக்கும்போது மறுபடி போன் அடிக்கும். இப்போது கேள்வி ஒன்றுதான்: யார் யாரெல்லாம் வந்திருக்கிறார்கள்? கைப்பேசி பந்தியின் ஓரமாக ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் போகிறது. இருபது முப்பது ஆண்டுகளாகப் பார்க்காதவர்கள் என்பதால் பேரைச் சொன்னால் போதுவதில்லை. மேல லயம், மூணாவது வீடு, தண்டல் வீட்டுக்கு அடுத்தது என்று அடையாளம் சொல்கிறார்கள். மறுமுனையில் இருப்பவர் அடுத்த ஆளைக் கேட்கிறார்.